கிருமிக்கு அவன் பெயரா?

அத்தியாயம் 11

சென்ற வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி. ஏரியின் அடியில் நீளக் குழாயை இறக்கிச் சேறு எடுத்து வருவது சேத்தக்காவின் கணவனுக்கு வேலை. அந்தச் சேற்றில் என்னென்ன கிருமிகள் குடியிருக்கின்றன என்று பார்ப்பது சேத்தக்காவுக்கு வேலை. 'சேத்தக்கா' என்பது ஆய்வுக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர், தெருவரைக்கும் பரவிவிட்டது. கோடையின் கடைசியில் ஒரு நாள் திடீரென்று காற்று கிளம்பி, படகு கவிழ்ந்தது. சேறு இருந்த பெட்டி மிதந்து கரை சேர்ந்தது. அவன் சேரவில்லை.

அந்தப் பெட்டியிலிருந்துதான் இதுவரை யாரும் பார்த்திராத ஒரு கிருமி வளர்ந்து வந்திருக்கிறது. அதற்கு அவன் பெயரையே வைத்துவிடலாம் என்று ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடம் சொன்னார். நாத்தனார் அதைக் கேட்டு அழுதுகொண்டே கைதட்டினாள். சேத்தக்கா "சரி" என்றாள்.

அந்தச் "சரி"க்குள் சம்மதம் இருந்ததா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. இந்த மாதங்களில் யார் எதைக் கேட்டாலும் அவள் சரி என்றுதான் சொன்னாள். துணிக்கடைக்காரர் வேறு நிறத்தை எடுத்துப் போட்டபோதும் சரி என்று வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஒருவரிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் இப்போது சாப்பாட்டு மேஜையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

அவளுடைய மாமனார். ஊரில் பாதிப் பேருக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தவர். 'மாஸ்டர்' என்றால்தான் தெரியும். தண்ணீரைக் கண்டு அலறிய எத்தனையோ பிள்ளைகளைத் தன் உள்ளங்கையில் மிதக்க வைத்தவர். மகன் போன பிறகு நீச்சல் குளத்தின் பக்கம் அவர் போகவில்லை. அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் இப்போது தெருவில் அவரைப் பார்த்தால், என்ன பேசுவதென்று தெரியாமல் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார்கள்.

வாசலில் ஹாரன் சத்தம். கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பவள் நாத்தனார். முதல் மாணவி வருவதற்கு முன்னால் தினமும் இங்கே வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவாள். வரும்போதே பேசிக்கொண்டு வருவது அவள் வழக்கம்.

"அண்ணி, இன்னிக்குத்தானே அனுப்பறீங்க? எத்தனை மணிக்கு? நான் தெரிஞ்சவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். என்கிட்ட கத்துக்கற பல் டாக்டர் இருக்காரே, அவருக்கு ஒரே ஆச்சரியம்."

"எத அனுப்பறா?" என்றார் மாஸ்டர்.

நாத்தனார் டீக் கோப்பையை வைத்தாள். "அப்பாகிட்ட சொல்லலையா நீங்க?"

"நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்."

"நான் நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்!"

வேறு வழியில்லாமல் நாத்தனாரே சொன்னாள். புதிய கிருமி. மாதிரி வெளிநாட்டுக்குப் போயாயிற்று, அதைப் பற்றிய கட்டுரை இன்று ஆய்வுப் பத்திரிகைக்குப் போகிறது. பெயர் உலகம் முழுக்கப் புத்தகத்தில் ஏறும். லத்தீனில். "அண்ணன் பேருதாம்ப்பா. பின்னால ஒரு சின்ன வாலு ஒட்டிக்கும், அவ்ளோதான். நாம செத்து, நம்ம பேரப் பசங்க செத்து, அதுக்கப்புறமும் இருக்கும்."

மாஸ்டர் வெண்ணெய்க் கத்தியைத் தட்டின் ஓரத்தில் நேராக வைத்தார்.

"கிருமிக்கா?"

"நோய்க்கிருமி இல்லப்பா. இது நல்ல கிருமி. அண்ணி, நீங்களே சொல்லுங்களேன்."

"நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல மாமா," என்றாள் சேத்தக்கா. "அது பாட்டுக்குச் சேத்துல இருக்கு."

"எந்தச் சேத்துல?"

நாத்தனார் கார் சாவியை விரலில் மாட்டிச் சுற்றினாள். மாஸ்டர் மிச்ச ரொட்டியைச் சாப்பிட்டு முடித்தார், தட்டைக் கழுவிக் கவிழ்த்தார், செருப்பைத் தேடினார்.

"எங்கப்பா?"

"நடக்க."

கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது. "கோவமா போறாரா, சும்மா போறாரா?" என்று நாத்தனார் கேட்டாள். சேத்தக்காவுக்குத் தெரியவில்லை. கோபம் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோன மாதிரி இருந்தது.

-

ஆய்வுக்கூடத்தில் அன்று செய்வதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. ஒரு கிருமியைப் புதியது என்று சொல்வதற்கு வேண்டியதெல்லாம் ஏற்கெனவே முடிந்திருந்தது. அதன் மரபணுக்களை முழுக்கப் படித்து, அதன் பங்காளிகள் என்று சொல்லத்தக்க கிருமிகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தாயிற்று. மிக நெருங்கிய பங்காளியும் மிகத் தூரத்தில் நின்றது. என்ன தின்கிறது, எந்தச் சூட்டில் வளர்கிறது, எவ்வளவு உப்பு தாங்கும் என்று எல்லாம் எழுதியாயிற்று. இரண்டு வெவ்வேறு நாடுகளில் கிருமிகளைச் சேமித்து வைக்கும் காப்பகங்களுக்கு உயிருள்ள மாதிரிகளை அனுப்பி, வந்து சேர்ந்தன என்ற சான்றிதழும் வந்துவிட்டது. அதில்லாமல் எந்தப் பெயரும் செல்லாது.

இத்தனைக்கும் அது கிடைத்ததே ஒரு தற்செயல். சேற்றைக் கரைத்துப் பூசி, பிராணவாயு படாமல் மூடி வைத்த தட்டுகளில் மற்றக் கிருமிகள் ஒரே இரவில் மொய்த்துவிடும். இரண்டு வாரம் பார்த்துவிட்டுத் தட்டுகளைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். ஆனால் பெட்டி வந்ததும் கைக்குப் பழகிய வேலை என்று அவள் தட்டுகளைப் பூசி வைத்தாளே தவிர, அதற்குப் பிறகு வீட்டில் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். அவளுடைய தட்டுகளைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது ஒரு தட்டின் ஓரத்தில் மட்டும், குண்டூசி முனை அளவுக்கு, மங்கலான சில புள்ளிகள் இருந்தன. அவ்வளவு மெதுவாக வளரும் கிருமி அது.

"இதுக்குத்தான் பொறுமை வேணும்ங்கறது," என்று மேடம் ஒரு கூட்டத்தில் அவளைக் காட்டிச் சொன்னார். பொறுமை இல்லை, மறதி என்று சேத்தக்கா திருத்தவில்லை.

மேடம் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். லத்தீன் இலக்கணம் பார்க்கும் பேராசிரியரிடமிருந்து பதில் வந்திருந்தது. பெயர் ஆணுடையது என்பதால் இந்த வால்தான் சரி என்று எழுதியிருந்தார். யாருடைய பெயர் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். சேத்தக்கா நேற்றே அதைச் சேர்த்திருந்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு. ஒரே ஒரு இடம்தான்." மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "'சேறு சேகரிப்பவர்'னு போட்டிருக்கே. 'சேகரித்தவர்'னு வரணும்மா."

"சரி மேடம்."

"நானே மாத்திடறேன்."

"சரி."

மாதிரிகளை எடுத்துச் சரிபார்க்க அவள் உறைபெட்டியைத் திறந்தாள். உள்ளே பூஜ்யத்துக்கு எண்பது டிகிரி கீழே உறைந்த குளிர். இரும்புத் தட்டைப் பிடித்து இழுத்து, குழாய்களை எண்ணி, திரும்ப உள்ளே தள்ளினாள். பக்கத்து மேஜைப் பெண் ஓடி வந்து, "அக்கா, கையுறை!" என்று கத்திய பிறகுதான் பார்த்தாள். இரண்டு விரல் நுனிகள் வெள்ளையாக வெளுத்திருந்தன. வெறும் கையால் இழுத்திருக்கிறாள். அந்தப் பெண் அவள் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் பிடித்துக்கொண்டு திட்டினாள். சேத்தக்கா தன் விரல்களை யாருடையதையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வாசலிலிருந்து போன் வந்தது. "உங்க மாமனாராம். கீழ நிக்கறாரு."

-

மாஸ்டர் நடந்தே வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இந்தக் கட்டடத்துக்குள் அவர் வந்ததில்லை.

"அத நான் பாக்கலாமா?" என்று கேட்டார். பெயரைச் சொல்லவில்லை.

அவள் அழைத்துப் போனாள். அறையின் மூலையில் பெரிய கண்ணாடிப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் முன்பக்கத்தில் இரண்டு ஓட்டைகள், ஓட்டைகளில் முழங்கைக்கு மேல் வரும் கறுப்பு ரப்பர் கையுறைகள்.

"கைய உள்ள விடுங்க மாமா. இந்தச் சின்ன பாட்டில எடுத்து வெளிச்சத்துல பாருங்க."

பிள்ளைகளைத் தண்ணீரில் தாங்கிய அந்தப் பெரிய கைகள் கையுறைக்குள் சிரமப்பட்டு நுழைந்தன. பாட்டிலை அவர் முட்டையைத் தூக்குவது போலத் தூக்கினார்.

"ஒண்ணும் தெரியலையே."

"லேசாக் கலங்கியிருக்கு பாருங்க, அதான். அந்தக் கலங்கல் முழுக்க அதுதான். கோடிக்கணக்குல."

"இந்தப் பெட்டி எதுக்கு?"

"உள்ள பிராணவாயு கெடையாது. அது பட்டா செத்துரும். ஏரி அடியில அதெல்லாம் இல்லாமத்தான் அது வாழுது."

மாஸ்டர் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. கண்ணாடியில் அவர் மூச்சு பட்டுப் பனி படிந்து மறைந்தது. மீண்டும் படிந்தது.

"பசங்களுக்கு மூச்சடக்கச் சொல்லித் தருவேன்," என்றார். "ஒருத்தனும் பயப்படாம இருக்கமாட்டான். இவன் மட்டும் அடியில உக்காந்துக்கிட்டு என்னைப் பாத்துச் சிரிப்பான். நான்தான் பயந்து இழுத்து வெளிய போடுவேன்."

சேத்தக்கா பக்கத்தில் நின்றாள்.

"இத எங்கயோ அனுப்பிருக்கீங்களாமே. வெளிநாட்டுக்கு."

"ஆமா மாமா. காய வெச்சு, கண்ணாடிக் குழாய்க்குள்ள போட்டு மூடி வெச்சிருப்பாங்க. யாருக்காவது வேணும்னா உடைச்சு, தண்ணியும் சாப்பாடும் குடுத்தா மறுபடியும் வளரும்."

"எப்ப வேணும்னாலுமா?"

"அம்பது வருஷம் கழிச்சுக்கூட எழுப்பலாம்."

மாஸ்டர் மெதுவாகப் பாட்டிலைப் பழைய இடத்தில் வைத்தார். கைகளை வெளியே இழுத்தபோது கையுறைகள் காற்று வாங்கியதுபோல வெளியே வந்து தொங்கின.

"அப்ப இதுக்கு அவன் பேரு வேணாம்மா."

அவள் அவரைப் பார்த்தாள்.

"யாரோ ஒருத்தன் என்னிக்கோ ஒரு நாள் அந்தக் குழாய உடைப்பான். அவன் பேரச் சொல்லி எழுப்புவான். இதுவும் எழுந்துக்கும்." அவர் குரல் மாறவே இல்லை, குளத்தோரத்தில் நின்று கையை எப்படி வீசுவது என்று விளக்குகிற அதே குரல்தான். "எம் புள்ள எழுந்துக்கமாட்டான். அத என்னால தாங்க முடியாது. நான் இருக்கப்போறதில்லதான். ஆனாலும் முடியாது."

"சரி மாமா."

"எதுக்கெடுத்தாலும் சரிங்கற. பேர வைன்னா சரி, வேணாம்னா சரி. எம் மேல கோவமாவது படேன்."

அவள் உள்ளே தேடிப் பார்த்தாள். நிஜமாகவே தேடினாள். "வரல மாமா," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். புரிந்தது போலத்தான் இருந்தது.

-

மேடத்துக்குக் கோபம் வரவில்லை. ஆனால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார்.

"நல்லா யோசிச்சுக்க. ஒரு பேர ஒரு தடவை வெச்சாச்சுன்னா வெச்சதுதான். நாளைக்கு மனசு மாறி வந்தேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும் மேடம்."

"வேற என்ன வெக்கறது? மேல்நாட்டு வழக்கப்படி உன் பேர நீயே வெச்சுக்கறதும் அசிங்கம்."

"லிமிகோலா," என்றாள் சேத்தக்கா. லத்தீனில் சேற்றில் குடியிருப்பது என்று அர்த்தம். இந்தக் கிருமியின் குடும்பத்தில் அந்தப் பெயரை இன்னும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வேறு குடும்பங்களில் ஏற்கெனவே உண்டு. ஆண் பெண் வால் பிரச்சினையும் கிடையாது. யார் என்று விளக்க ஒரு வரியும் வேண்டாம்.

"ரொம்பச் சாதாரணமா இருக்கே."

"அதுவும் சாதாரணமாத்தானே இருக்கு மேடம்."

மேடம் பெயர் வருகிற இடங்களையெல்லாம் மாற்றினார். அவன் யாரென்று சொன்ன வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தார். சேகரித்தவர் என்று காலையில் திருத்திய சொல்லும் அதோடு போயிற்று. அனுப்பியாயிற்று என்று திரையில் வந்தபோது, பக்கத்து மேஜைப் பெண் மட்டும் கைதட்டிவிட்டு, வேறு யாரும் தட்டாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

-

சாயங்காலம் நாத்தனார் காரோடு வந்து நின்றாள். மாஸ்டர் பின்னால் ஏறிக்கொண்டார். முன்னால், பாடம் நடத்துகிறவர் உட்காரும் இடத்தில் சேத்தக்கா உட்கார்ந்தாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் அந்த இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு.

"அப்பா இங்க என்ன பண்றாரு? சரி, அது கெடக்கட்டும். அனுப்பியாச்சா? அண்ணன் பேருல எழுத்துப்பிழை எதுவும் இல்லையே?"

"அனுப்பியாச்சு. ஆனா அவர் பேரு இல்ல."

கார் போய்க்கொண்டே இருந்தது. நாத்தனார் சாலையைப் பார்த்தபடியே கேட்டாள். "பின்ன?"

"லிமிகோலா."

"லிமி… கோலாவா? கடையில பாட்டில்ல விக்கற மாதிரி இருக்கு!"

வேறொரு நாளாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள். சொன்னவளே சிரிக்கத் தொடங்கி, பாதியில் அது அழுகையாகிவிட்டது.

"நான்தான் வேணாம்னேன்," என்றார் மாஸ்டர் பின்னாலிருந்து.

"தெரியும். நீங்க இங்க நின்னப்பவே தெரியும்." அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். வேகம் கூடியது. "உங்களுக்கு வேணாம். அண்ணிக்கு எதுவா இருந்தாலும் சரி. எனக்கு? அண்ணன் நம்பர வேற யாருக்கோ குடுத்துட்டாங்க, தெரியுமா ரெண்டு பேருக்கும்? அப்பப்ப கூப்பிடுவேன். உபயோகத்துல இல்லன்னு அந்த மெஷின் சொல்லும். அதையாவது கேட்டுட்டு வெப்பேன். போன வாரம் ஒரு பொண்ணு எடுக்கறா. அண்ணன் நம்பர்ல ஒரு பொண்ணு ஹலோங்கறா! ஆபீஸ்ல பேர எடுத்தாச்சு, வாசல்ல எடுத்தாச்சு, இப்ப நம்பரும் போச்சு. ஒரு கிருமிகிட்டயாவது இருக்கட்டுமேன்னு பாத்தேன்…"

முன்னால் ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது. நாத்தனார் அதைப் பார்க்கவில்லை.

சேத்தக்காவின் கால் பிரேக்கை அழுத்தியது. அவள் யோசித்துச் செய்யவில்லை. கார் குலுங்கி, வேனுக்கு ஒரு முழம் முன்னால் நின்று அணைந்தது. பின்னால் ஹாரன்கள் கத்தின. நாத்தனார் மறுபடியும் வண்டியைக் கிளப்பி, ஓரங்கட்டி அணைத்தாள்.



"நானும் கூப்பிடுவேன்," என்றார் மாஸ்டர்.

நாத்தனார் திரும்பினாள். "எப்ப?"

"தெனமும். நடக்கப் போறப்ப."

"அந்தப் பொண்ணு எடுத்தாளா?"

"எடுத்துது. ராங் நம்பர் தாத்தான்னு சொல்லிச்சு. மறுநாளும் சொல்லிச்சு. போயிட்ட எம் புள்ளையோட நம்பர்மான்னேன். அதுக்கப்புறம் அதெல்லாம் சொல்றதில்ல. சாப்ட்டீங்களான்னு கேக்கும். சாப்ட்டேம்பேன். வெச்சுடும்."

அப்பாவும் மகளும் இப்போது சேத்தக்காவைப் பார்த்தார்கள். அவள் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. கூப்பிடத் தோன்றியதே இல்லை. தோன்றாதது சரியா தப்பா என்றுகூட அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். அவன் பெயர் மேலிருந்து ஏழாவதாக இருந்தது. அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள் அந்தப் பெண். பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தமும் பாத்திரம் உருளும் சத்தமும் கேட்டன. "ஹலோ, யாரு?"

"நான்…" சேத்தக்கா போனை வாயருகே எடுத்தாள். "இந்த நம்பர் முன்னாடி என் வீட்டுக்காரரோடது."

தண்ணீர் சத்தம் நின்றது.

"தாத்தாவோட வீடாக்கா?"

"ஆமா."

"ஐயோ, நல்லவேளை நீங்களே கூப்பிட்டீங்க! ஒரு விஷயம் சொல்லணும்னு இருந்தேன். தாத்தாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல, பாவம் அவரு. இன்னிக்குக் காலையில ஒரு ஆளு இந்த நம்பருக்குக் கூப்பிட்டாருக்கா. நான் ஹலோங்கறதுக்குள்ள சத்தம் போடறாரு. 'சார், உங்க சேத்துப் பெட்டிய எத்தன நாளைக்கு எங்க ஃப்ரீசர்ல வெச்சிருக்கறது? ரெண்டு நாள்ல வரேன்னு சொன்னீங்க, ஆளையே காணோம். வியாபாரத்துக்கு இடம் அடைக்குது'ன்னு. எனக்கு ஒண்ணும் புரியல. உங்க வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சுன்னு அவருக்குத் தெரியாது போல இருக்கு. நான் ராங் நம்பர்னு வெச்சுட்டேன்."

நாத்தனார் அண்ணியின் முழங்கையைப் பிடித்தாள். ஏரியிலிருந்து வந்தது ஒரே ஒரு பெட்டி. ஆய்வுக்கூடத்துக்குத் தெரிந்ததும் அந்த ஒன்றுதான். இன்னொன்றைப் பற்றி அவன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"எந்தக் கடைன்னு சொன்னாரா?" சேத்தக்காவின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. அவசரமாக, கொஞ்சம் அதட்டலாகக்கூட இருந்தது. "பெட்டிய என்ன பண்ணப் போறேன்னாரு?"

"கடைப் பேரு சொல்லலக்கா. அவரு நம்பர் என்கிட்ட இருக்கு, அனுப்பறேன். ஆனா சீக்கிரம் கூப்பிடுங்க. இன்னிக்குக் கடை சாத்தறதுக்குள்ள வரலன்னா தூக்கிப் போட்டுடுவேன்னு சொன்னாரு."

கையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. எண் வந்துவிட்டது. மாஸ்டர் முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"வண்டிய எடு," என்றார் மகளிடம்.

நாத்தனார் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. மறுபடியும் முயன்றாள். பிறகுதான் குனிந்து பார்த்தாள்.

"அண்ணி, மறுபடியும் மிதிக்கறீங்க. பிரேக்க விடுங்க."

சேத்தக்காவுக்குக் காதில் விழவில்லை. அவள் அந்தப் புதிய எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.